எதிர் இருக்கையில் யாரோ

ஒரு டாலர்–இரண்டு டாலர் மேசையில் புதிதாக ஒருவர் வந்து உட்காருகிறார். முன்பின் பார்த்திராத பெயர். முகம் கிடையாது, குரல் கிடையாது. ஆனால் அவர் முன்னால் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது திரையில் தெரியும். சரியாக 200 டாலர் இருந்தால் ஒரு கதை. 87 டாலர் 50 சென்ட் இருந்தால் வேறு கதை. முதலாமவர் மேசை அனுமதிக்கும் உச்சத் தொகையோடு வந்தவர். தோற்றால் அடுத்த ஆட்டத்துக்குள் தொகை தானாக நிரம்பும்படி செட்டிங்கும் போட்டிருப்பார். இரண்டாமவர் கணக்கில் மிச்சமிருந்ததை வழித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு சீட்டு இறங்குவதற்கு முன்பே இவ்வளவு தெரிந்துவிடும் என்கிறார், ஆன்லைன் போக்கரை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிவரும் டொராண்டோக்காரர் ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்கார்பரோவில் வீடு வாங்கியவர். பெயர் போடக்கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. மனைவிக்கு எல்லாம் தெரியும். சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாது. பகலில் கணக்கர் வேலை, இரவில் போக்கர் என்று தொடங்கினார். நடுவில் சில ஆண்டுகள் போக்கரே முழுநேரத் தொழிலாக இருந்தது. இப்போது மறுபடியும் பகுதிநேரம்.

சின்ன வயதில் அவர் ஆடியது 304. இலங்கைத் தமிழர் வீடுகளில் பாயை விரித்தால் உடனே நாலு பேர் சேர்ந்துவிடும் ஆட்டம். அதில் ஏஸைவிட ஜாக் பெரிது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எண்ணிக்கொண்டே போனால் மொத்தம் 304 வரும். அந்த ஆட்டத்தில் எதிரே இருப்பவர் சித்தப்பாவாக இருப்பார், அடுத்த வீட்டு மாஸ்டராக இருப்பார். யார் துணிந்து கேட்பார், யார் நல்ல கை வந்தால் சட்டென்று பேச்சை நிறுத்துவார் என்பதெல்லாம் பழக்கத்தில் தெரியும். ஆன்லைனில் அந்த வசதி ஒன்றும் இல்லை. எதிராளி ஒஸ்லோவில் இருக்கலாம், ஒட்டாவாவில் இருக்கலாம். அடுத்த ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடலாம், பிறகு ஆயுளுக்கும் சந்திக்காமலே போகலாம். அப்படிப்பட்டவரிடம் எப்போது பணத்தை இறக்குவது, எப்போது கையை மடக்குவது என்பதுதான் தொழில்.

உண்மையான பணத்துக்கு ஆன்லைன் போக்கர் 1998 ஜனவரி 1ஆம் தேதி பிளானட் போக்கர் தளத்தில் தொடங்கியது. ஆனால் கூட்டம் சேர்ந்தது 2003க்குப் பிறகுதான். டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் நூறு டாலருக்கும் குறைவான தகுதிப் போட்டி வழியாக லாஸ் வேகஸின் உலகப் போட்டிக்குள் நுழைந்து, 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். தானும் ஒரு கணக்கர்தானே என்று நம்மவருக்குத் தோன்றியது. அவரைப் போலப் பல்லாயிரம் பேருக்குத் தோன்றியது. மூன்றே ஆண்டுகளில், 2006இல், அதே உலகப் போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் ‘தெரியாதவர்’ என்றால் யார் என்ற கேள்விக்குப் பதில் சுலபம். தொலைக்காட்சியில் போக்கர் பார்த்துவிட்டு, அலுவலகம் முடிந்து வந்து, ஒரு பியரோடு கணினி முன் உட்கார்ந்தவர். சீட்டைக் கீழே வைக்க அவருக்கு மனசு வராது. ‘பிளஃப் அடிக்கிறானோ’ என்ற சந்தேகத்திலேயே கடைசிவரை கட்டுவார். அப்படிப்பட்டவரிடம் பொய்க்குப் பணம் போடுவது வீண். நல்ல கை வந்தால் மட்டும், ஆனால் நன்றாகவே போட வேண்டும்.

அவர் காட்டிய பழைய கை ஒன்றைப் பார்க்கலாம். ஆறு பேர் மேசை. டீலர் இடத்தில் இருந்த நம்மவருக்கு ஏஸும் ராணியும் வந்தன. 6 டாலருக்கு உயர்த்தினார். இரண்டு டாலர் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே போட வேண்டிய கட்டாயத் தொகை) போட்டிருந்த புதியவர் மட்டும் கட்டினார். அந்தப் புதியவர் முன்னால் அப்போது இருந்தது 100 டாலர், அதாவது உச்சத் தொகையில் பாதி. மேசைக்கு வந்ததும் தன் முறை வரும்வரை காத்திராமல், கூடுதலாக பிளைண்ட் காசைப் போட்டு ஆட்டத்தில் குதித்தவர். தொழில்முறை ஆட்டக்காரர் யாரும் பொறுமையில்லாமல் அந்த இரண்டு டாலரை வீணாக்க மாட்டார்.

நடுவில் (பாட்), ஒரு டாலர் பிளைண்டும் சேர்த்து, 13 டாலர். முதல் மூன்று பொதுச்சீட்டுகள் (ஃப்ளாப்): ராணி, எட்டு, மூன்று; அவற்றில் இரண்டு ஹார்ட். புதியவர் பணம் போடாமல் ‘செக்’ என்றார். நம்மவர் 9 போட்டார், அவர் கட்டினார். நாலாவது சீட்டு (டர்ன்) கறுப்பு ஐந்து. மறுபடி செக். நம்மவர் 24 போட்டார், அவர் கட்டினார். இப்போது நடுவில் 79. கடைசிச் சீட்டு (ரிவர்) ஒன்றுக்கும் உதவாத கறுப்பு இரண்டு. மூன்றாவது முறையாகவும் செக். புதியவரிடம் மிச்சம் 61 டாலர்.

விவரமான எதிராளியாக இருந்தால் இந்த இடத்தில் யோசனை வரும். மூன்று முறை பணம் போட்டால், ஒற்றை ராணி ஜோடியை வைத்துக்கொண்டு அவர் கட்டுவாரா? கட்டுகிறார் என்றால் அதைவிடப் பெரிய கை இருக்குமோ? தெரியாதவரிடம் அந்த யோசனை வேண்டாம் என்று முடிவு செய்து 61ஐயும் கேட்டார். எதிராளி சில விநாடி எடுத்துக்கொண்டு கட்டினார். கையில் இருந்தது ராணியும் ஒன்பதும். ஜோடி ஒன்றேதான், துணைச்சீட்டு சிறிது.

கூட இருந்து பார்த்த அக்கா மகன் கேட்டானாம்: “மாமா, அவன்ர கை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அவன்ர கை எனக்குத் தெரியாதடா. அவன் வந்த கூட்டத்தைத் தெரியும்.”

இதே கையில் நாலாவது சீட்டுக்கு நம்மவர் 24 போட்டதும் எதிராளி அதை 48 ஆக்கியிருந்தால் என்ன செய்திருப்பார்? மடக்கியிருப்பார். இன்னும் 24 கட்டினால் போதும், மலிவுதானே என்று தோன்றும். கடைசிச் சீட்டு விழுந்ததும் மிச்சமிருக்கும் 37 டாலரும் கேட்டு வரும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விடும். இதுவரை சும்மா கட்டிக்கொண்டிருந்தவர் டர்னிலோ ரிவரிலோ திடீரென்று இரட்டிப்பாக்கினால், சின்ன மேசைகளில் அது பெரும்பாலும் இரண்டு ஜோடி அல்லது அதற்கு மேல். யாரென்றே தெரியாதவர் வீரம் காட்டுகிறார் என்று கற்பனை செய்துகொண்டு தொலைத்த பணம்தான் இந்தத் தொழிலில் அதிகம் என்பது அவர் கணிப்பு.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு பள்ளிக்கூட அளவுதான். நடுவில் 100 இருக்கும்போது 50 போட்டு பிளஃப் அடித்தால், மூன்றில் ஒரு தடவையாவது எதிராளி மடக்க வேண்டும்; 100 போட்டால் இரண்டில் ஒரு தடவை. இந்த மேசைக்கு வரும் புதியவர்கள் பொதுவாக அந்த அளவுக்கு மடக்குவார்களா? மாட்டார்கள் என்றால் பிளஃபை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். எதிரே இருக்கும் தனிமனிதரைப் பற்றி இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அந்த மேசையில், அந்த நேரத்தில், அந்தப் பந்தய அளவில் உட்காரும் சராசரி ஆளைப் பற்றிக் கேட்டால் ஓரளவு கிடைக்கும்.

கூட்டத்தை வைத்துத் தொடங்கினாலும், ஆளைப் பற்றிய சின்னச் சின்னத் தடயங்கள் உடனே வரத் தொடங்கிவிடும். உயர்த்தாமல் வெறும் இரண்டு டாலரைக் கட்டி உள்ளே நுழைகிறாரா? அதை ‘லிம்ப்’ என்பார்கள். அனுபவசாலிகள் ஆறு பேர் மேசையில் அபூர்வமாகத்தான் செய்வார்கள். நடுவில் 30 டாலர் இருக்கும்போது 2 டாலர் பந்தயம் வைக்கிறாரா? புதியவர். மின்னல் வேகத்தில் கட்டுகிறாரா? உயர்த்தலாமா என்று யோசிக்கவே இல்லை என்று அர்த்தம். ஆகவே மிகப் பெரிய கையாக இருக்க வாய்ப்பு குறைவு. நேரத்தை வைத்துப் படிக்கும் இந்த வித்தையை மட்டும் அவர் முழுசாக நம்புவதில்லை. எதிராளி யோசிக்கிறாரா, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று திரை சொல்லாது.

2007இல் நார்வே நாட்டுப் பெண் ஒருவர் செய்த காரியம், தொழிலில் இருந்த எல்லோரையும் ஒரு நிமிடம் நிறுத்தியது. அனெட் ஓப்ரெஸ்டாட், அப்போது வயது 18. நாலு டாலர் கட்டி 180 பேர் ஆடும் ஆன்லைன் போட்டி ஒன்றில், தன் சீட்டுகள் தெரியாதபடி திரையில் மறைத்துவிட்டு ஆடி வென்றார். ஒரே ஒரு முறைதான் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். தன் இடம் எது, எதிராளிகள் எவ்வளவு போடுகிறார்கள், யார் தயங்குகிறார்கள் என்பதை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கத்தான் அந்தப் பரிசோதனை. அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் நடந்த உலகப் போட்டியின் ஐரோப்பியப் பதிப்பில் பத்து லட்சம் பவுண்டு வென்றார். போக்கரில் சீட்டு பாதி, எதிராளி பாதி என்று பேச்சுக்குச் சொல்லிவந்தவர்களுக்கு அது கண்முன் கிடைத்த சாட்சி.

அதே ஆண்டில் இன்னொரு வகைத் தெரியாதவரும் வெளிப்பட்டார். ஆப்சலூட் போக்கர் தளத்தில் ‘பாட்ரிப்பர்’ என்ற பெயரில் ஒருவர். கண்ட கையெல்லாம் ஆடுவார்; ஆனால் ரிவரில் தவறே செய்ய மாட்டார். எதிராளியிடம் ஒன்றுமில்லை என்றால் உயர்த்துவார், பெரிய கை இருந்தால் மடக்குவார். ஆயிரம் டாலர் போட்டி ஒன்றில் அவரிடம் தோற்று இரண்டாமிடம் வந்தவர் ஆட்டப் பதிவைக் கேட்க, எல்லோருடைய மூடிய சீட்டுகளும் அடங்கிய கோப்பே அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதை ஆராய்ந்தபோது, மற்றவர்களின் சீட்டைப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று தளத்துக்குள்ளேயே இருந்தது அம்பலமானது. அந்தத் தளத்துக்கு உரிமம் கொடுத்திருந்த, மான்ட்ரியாலுக்கு அருகிலுள்ள கானவாகே சூதாட்ட ஆணையம் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நம்மவர் அன்றிலிருந்து கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு: எல்லாக் கையும் ஆடி, கடைசியில் ஒருபோதும் தப்பு செய்யாத புதியவரைக் கண்டால் ஆராயப் போவதில்லை. எழுந்து விடுவார்.

இதற்கிடையில் ‘தெரியாதவர்’ என்ற இனமே அருகிவந்தது. போக்கர் டிராக்கர் போன்ற மென்பொருள்கள், ஆடிய ஒவ்வொரு கையையும் சேமித்து, எதிராளியின் பெயருக்குப் பக்கத்திலேயே எண்களாகக் காட்டின. எத்தனை சதவீதக் கைகள் ஆடுகிறார், எத்தனையில் உயர்த்துகிறார், எத்தனை தடவை மடக்குகிறார். நேரில் ஒரு கைகூட ஆடாத எதிராளிகளைப் பற்றிய தகவலைச் சிலர் மூட்டையாக விற்கவும் செய்தார்கள். தளங்கள் தடை போட்டும் விற்பனை நடந்தது.

எண்கள் வந்ததும் ஒரு புதிய நோயும் வந்தது: பத்துக் கையைப் பார்த்துவிட்டு ஜாதகம் எழுதுவது. கணக்கர் என்பதால் இதில் அவர் கறார். ஐந்தில் ஒரு கை மட்டும் ஆடும் கட்டுப்பாடான ஆட்டக்காரருக்கும், பத்துக் கையில் நாலோ அதற்கு மேலோ ஆடும்படி சீட்டு வருவது நூற்றுக்குப் பன்னிரண்டு தடவை நடக்கும். ஆகவே பத்துக்கு நாலு என்பதில் செய்தி எதுவும் இல்லை. பத்துக்கு ஆறு என்றால் விஷயம் வேறு. கட்டுப்பாடான ஆளுக்கு அது ஆயிரத்தில் ஆறு தடவைதான் நேரும். ஆட்டத்துக்குள் நுழையும் பழக்கம் இப்படிச் சீக்கிரம் தெரிந்துவிடும். ரிவரில் பிளஃப் அடிப்பாரா என்பது அப்படித் தெரியாது. ரிவர்வரை போகும் கைகளே குறைவு. ஆயிரக்கணக்கான கைகள் சேராமல் அந்த எண்ணைப் பார்த்துப் பெரிய தொகையைக் கட்டுவது கிளி ஜோசியம் மாதிரிதான்.

எண்கள் கையில் இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009 குளிர்காலத்தைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. ஃபுல் டில்ட் தளத்தின் உச்ச மேசைகளில் ‘இசில்டுர்1’ என்ற பெயர் தோன்றியது. யாரென்று யாருக்கும் தெரியாது. டாம் டுவான், பில் ஐவி, பாட்ரிக் அன்டோனியஸ் என்று பெரிய பெயர்கள் எல்லோரோடும், ஒரே நேரத்தில் பல மேசைகளில் மோதினார். முதலில் லட்சக்கணக்கில் அள்ளினார். நவம்பர் 21இல் அன்டோனியஸிடம் ஒரே கையில் 13,56,946 டாலர் போனது; அதுவரை ஆன்லைனில் நடந்ததிலேயே பெரிய பாட் அது. டிசம்பரில் பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்ற ஆட்டக்காரர் சில மணி நேரத்தில் அவரிடம் 40 லட்சம் டாலருக்கு மேல் வென்றார். ஹேஸ்டிங்ஸும் அவருடைய நண்பர்கள் இருவரும் தங்களிடம் இருந்த இசில்டுரின் ஆட்டப் பதிவுகளை ஒன்றாகப் போட்டு ஆராய்ந்திருந்தார்கள் என்பது பிறகு வெளியானது. 2011 ஜனவரியில் பஹாமாஸ் போட்டியில் முகம் காட்டியபோதுதான் அவர் ஸ்வீடனைச் சேர்ந்த விக்டர் ப்ளோம் என்று உறுதியானது. அத்தனை பேரையும் முதல் வாரங்களில் திணறடித்தது அவருடைய துணிச்சல் மட்டும் இல்லை. யாரிடமும் அவரைப் பற்றிக் கணக்கு இல்லாததும்தான்.

தளங்களும் இதைக் கவனித்தன. எண்களால் வேட்டையாடப்பட்ட புதியவர்கள் பணம் தீர்ந்ததும் திரும்பி வராததால் வருமானம் குறைந்தது. 2010இல் ஃபுல் டில்ட் ‘ரஷ்’ மேசைகளைக் கொண்டுவந்தது. மடக்கிய விநாடியே வேறு ஆட்களோடு வேறு மேசைக்குத் தூக்கிப் போட்டுவிடும். போடாக் தளம் பெயர்களையே எடுத்துவிட்டு எண்களாக்கியது. 2019இல் பார்ட்டிபோக்கர் தளம் எல்லோரையும் பெயர் மாற்றச் சொல்லி, எதிராளியின் எண்களைக் காட்டும் மென்பொருள்களையும் தடுத்தது. பத்தாண்டு சேமித்த தகவல் குப்பையானது. சுற்றிச் சுற்றி எல்லோரும் மறுபடியும் 2003க்கே வந்தார்கள். எதிரே யாரோ.

ஆனால் கூட்டம் மாறியிருந்தது. 2006 அக்டோபரில் அமெரிக்கா, ஆன்லைன் சூதாட்டத்துக்குப் பணம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டம் போட்டபோதே பார்ட்டிபோக்கர் அந்நாட்டவருக்குக் கதவைச் சாத்தியது. 2011 ஏப்ரல் 15இல் அமெரிக்க அரசு பெரிய தளங்களின் முகவரிகளையே கைப்பற்றியது. ஃபுல் டில்ட் திவால் நிலையில் இருந்தது அதன் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களுக்குப் பணம் 2012 நவம்பரில், போக்கர்ஸ்டார்ஸ் அந்தத் தளத்தை வாங்கிய பிறகே கிடைத்தது. அந்த வரிசையில் நம்மவரும் காத்திருந்தார். பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் கழன்றுகொள்ள, பிழைப்புக்கு ஆடுபவர்கள் மேசையில் தங்கினார்கள்.

பிறகு இயந்திரம் வந்தது. 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, இருவர் ஆடும், பந்தய அளவு கட்டுப்படுத்தப்பட்ட லிமிட் போக்கருக்குக் கிட்டத்தட்ட முழுமையான விடையைக் கண்டுபிடித்தது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் காசினோவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘லிப்ராட்டஸ்’ நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி வென்றது. இதில் நம்மவரைக் கவர்ந்தது வெற்றியைவிட அது வென்ற விதம். எதிராளிகளின் பலவீனத்தை அது தேடவே இல்லை. பகலில் அவர்கள் துளைத்த ஓட்டைகளை இரவில் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். இருவர் ஆட்டத்தில், எதிரே யார் இருந்தாலும் நீண்ட ஓட்டத்தில் நஷ்டப்படாத ஆட்டம் ஒன்று உண்டு என்பதை வீட்டுக் கணினியில் ஓடும் மென்பொருள்களும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கின.

இன்று அவர் தெரியாதவரிடம் ஆடும் முறை மேசைக்கு மேசை மாறுகிறது. பெரிய பந்தய மேசையில் புதியவர் என்றால், அவரும் அந்த மென்பொருளைப் படித்தவர் என்று வைத்துக்கொண்டு, ஃப்ளாப்பில், நடுவில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு மாதிரிச் சின்னத் தொகையோடு ஜாக்கிரதையாகத் தொடங்குவார். பிளஃபையும் அளவோடு கலப்பார். சின்ன மேசையில் பழைய பாடம்தான்: நல்ல கைக்குப் பெரிய தொகை, பொய்க்குச் சிக்கனம், திடீர் இரட்டிப்புக்கு மரியாதை. 2022 ஏப்ரலில் ஒன்டாரியோ மாகாணம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தன் உரிமத்தின் கீழ் கொண்டுவந்த பிறகு, உரிமம் பெற்ற தளங்களில் மாகாணத்துக்குள் இருப்பவர்களோடு மட்டுமே ஆட முடிகிறது. வெள்ளி, சனி இரவுகளில் சம்பளம் வாங்கிய உற்சாகத்தோடு வருபவர்கள் உண்டு. செவ்வாய்க்கிழமை பின்னிரவில் மேசையில் இருக்கும் மற்ற ஐந்து பேரும் தன்னைப் போலவே இருக்கிறார்கள் என்று அந்த நேரத்தில் ஆடுவதையே நிறுத்திவிட்டார்.

காரணம் ரேக். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு, சின்ன மேசைகளில் ஏறத்தாழ 5 சதவீதம். சமபலம் உள்ள ஆறு பேர் நெடுநாள் ஆடினால், கடைசியில் ஆறு பேரும் நஷ்டத்தில் இருப்பார்கள்.

சென்னையில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். காரணம், அங்குள்ள சட்டம். தமிழ்நாட்டில், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கே இடமில்லாமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடுத்துவிட்டது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். இதற்குப் பிறகும் இந்தியாவில் இருப்பவரிடம் பணம் வாங்க ஒரு தளம் தயாராக இருந்தால், அது சட்டத்தை மதிக்காத தளம். எதிரே ஆடுவது யார் என்று தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். பணத்தை வைத்திருப்பது யார் என்று தெரியாத இடத்தில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.